இருபத்தெட்டாவது பக்கம்

என் அண்ணனை மூன்று பத்திரிகைகள் வேலையை விட்டு அனுப்பின. முதலாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் மூன்றுமே நியாயமான காரணங்கள்தான். முதல் பத்திரிகையில், ஒரே பாலத்தை ஒரே அமைச்சர் இரண்டாவது தடவை திறந்துவைத்ததைச் செய்தியாக எழுதச் சொன்னார்கள். அண்ணன் எழுதினார். கூடவே முதல் திறப்பு விழாவின் புகைப்படத்தையும் பக்கத்தில் போட்டுவிட்டார். இரண்டாவது பத்திரிகையில், முதலாளியின் மைத்துனர் தேர்தலில் நின்றார். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மூன்றாவதில், ஆசிரியர் ஓய்வுபெறும் விழாவில் "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று அண்ணனைக் கூப்பிட்டார்கள். பேசினார்.

கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் காரம். அண்ணி மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். "உங்க அண்ணன் வாயைத் தச்சுவிட்டாலும் மூக்கால பேசுவாரு" என்பார்.

மூன்றாவது வேலையும் போனபோது அண்ணனுக்கு ஐம்பத்தொரு வயது. எனக்கு நாற்பத்து மூன்று. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஒரு பெரிய நகல் இயந்திரம், ஒரு கணினி, ஒரு தொலைபேசி, கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் தொங்கும் ஒரு கம்பி, இவ்வளவுதான் கடை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கணினி சும்மா கிடந்தது. அண்ணனும் சும்மா கிடந்தார். ஒரு நாள் மத்தியானம் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, இந்த இன்டர்நெட்டுல யாரு வேணா எழுதலாமாமே, நிஜமா?" என்று கேட்டார்.

"எழுதலாம். யாரு படிப்பாங்கன்னுதான் தெரியாது."

"பத்திரிகையில மட்டும் தெரிஞ்சுதா?"

அப்படி ஆரம்பித்ததுதான் 'முகத்துக்கு நேரே' என்ற இணையதளம். இப்போது கைப்பேசியைத் திறந்தால் ஆளாளுக்கு அரசியல் பேசுகிறார்கள். அப்போது எங்களுக்குத் தெரிந்து இந்த மொழியில் அப்படி எழுதியவர்கள் நாலைந்து பேர்தான். படிக்க வேண்டுமென்றால் முதலில் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். நான் தளத்தில் ஏற்றுகிற நேரம் முழுவதும் தொலைபேசி வேலை செய்யாது. அடியில் ஓர் எண்ணிக்கைக் கருவி வைத்திருந்தோம். முதல் நாள் பதினேழு பேர் வந்ததாகக் காட்டியது. அதில் பதினொரு தடவை வந்தது அண்ணன்.

அவருக்குத் தட்டச்சு வராது. கற்றுக்கொள்ளவும் மாட்டார். தினமும் மூன்று மணிக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். ஒரு வார்த்தை மாற்றியதில்லை. மாற்றலாமே என்று எனக்குத் தோன்றிய இடங்கள் ஏராளம். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எழுதுகிற மனிதர் இல்லை அவர். யாரிடம் எந்தத் தேதியில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். ஆனால் எழுதும்போது வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

தளத்துக்கு அவர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் எட்டுப் பத்தியில் ஒருவனைத் திருடன் என்பார்கள். தப்பு என்று தெரிந்ததும் ஏழாம் பக்கத்தின் மூலையில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும்படி 'வருந்துகிறோம்' போடுவார்கள். அது அவருக்கு வயிற்றெரிச்சல். அதனால் எங்கள் தளத்தில் தப்பை அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, படிக்கும்படி விட்டுவைத்து, மேலே சரியானதைத் தேதியோடு எழுத வேண்டும். தப்பு எத்தனை நாள் தளத்தின் உச்சியில் இருந்ததோ, திருத்தமும் அத்தனை நாள் உச்சியில் இருக்க வேண்டும். ஒருமுறை ஓர் ஊராட்சித் தலைவரின் வயதைத் தப்பாகப் போட்டு, அதற்கான திருத்தம் நான்கு நாள் உச்சியில் உட்கார்ந்திருந்தது. படிப்பவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அவர்மேல் நம்பிக்கை வந்தது.

இனி தண்ணீர்த் தொட்டி.

புதிதாகக் கட்டிய தொட்டி, தண்ணீர் ஏற்றிய மூன்றாம் நாள் இடிந்து விழுந்தது. கீழே நின்ற இரண்டு பேர் செத்தார்கள். எல்லோரும் பட்டும் படாமலும் எழுதிக்கொண்டிருந்தபோது, தொட்டி வேலையைக் கவனித்த அரசு அலுவலகத்தின் குமாஸ்தா ஒருவர் அண்ணனைத் தேடி வந்தார். தொட்டியின் கோப்பை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே கொண்டுவர முடியும், அரை மணி நேரத்தில் திரும்பிப் போய்விட வேண்டும் என்றார். நகல் எடுக்க நான்தான்.

பதினான்கு தாள்கள். இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. பெரிய வேலை வந்தால், இதுவரை எத்தனை நகல் எடுத்தது என்று இயந்திரம் காட்டும் எண்ணைத் தொடங்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வது என் பழக்கம். எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் வைத்து, மூடி, எடுத்து, திருப்பி, மறுபடி வைத்து எடுத்தேன். குமாஸ்தா வாசலுக்கும் இயந்திரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். கடைசித் தாளின் முன்பக்கம் எடுத்ததும், "போதும்மா, சூப்பிரண்டு வந்துடுவாரு, குடுங்க" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பத்து நிமிடத்தில் மின்சாரமும் போனது. அன்று முழுக்க வரவில்லை.

மூன்று மணிக்கு அண்ணன் வந்து, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தாள்களைப் படித்தார். கடைசித் தாளில் 'பணி திருப்தி, ஏற்றுக்கொள்ளலாம்' என்று எழுதி, அடியில் உதவிப் பொறியாளரின் கையெழுத்து இருந்தது. அண்ணன் அதை நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்குப் பின்னாடி?"

"காலி" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பல வருடம் என்னையே கேட்டிருக்கிறேன். பதில் ஒன்றும் பெரிதாக இல்லை. என் வேலையைச் சந்தேகப்பட்டுக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. எடுக்கவில்லை என்று சொன்னால் இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண் என்பார். காலியாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

கடை மூடும்போது இயந்திரத்தின் எண்ணைப் பார்த்தேன். பழைய இயந்திரம், மின்சாரம் இல்லாவிட்டாலும் சக்கரத்தில் எண் தெரியும். சீட்டில் எழுதியதைக் கழித்துப் பார்த்தால் இருபத்தேழு. பதினான்கு தாளுக்கு இருபத்தெட்டு வர வேண்டும். பின்பக்கம் காலியா இல்லையா என்று நான் பார்க்கவே இல்லை என்பது எனக்கு அப்போது நன்றாக உறைத்தது. அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளி. போகவில்லை. மறுநாள் காலை மின்சாரம் வந்தது, அண்ணன் சொன்னார், நான் தட்டினேன், நானே ஏற்றினேன். பொறியாளரின் முழுப் பெயரும் அதில் இருந்தது.

அண்ணனைப் பெயர் தெரிந்த மனிதராக்கியது அந்தக் கட்டுரைதான். இரண்டே நாளில் எண்ணிக்கைக் கருவி ஐந்து இலக்கத்துக்குப் போனது. துரத்திவிட்ட பத்திரிகையே அவர் பெயரைப் போட்டு எடுத்து வெளியிட்டது. பொறியாளர் தற்காலிக நீக்கம் செய்யப்பட்டார். அண்ணன் அந்தக் கட்டுரையைத் தளத்தின் உச்சியிலேயே நிரந்தரமாக நிறுத்திவைத்தார். 'இதைப் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்' என்று மேலே ஒரு வரி. பிறகு எழுதியதெல்லாம் அதற்குக் கீழேதான். ஆட்சிகள் மாறின, இரண்டு தடவை அவர்மேல் வழக்குப் போட்டார்கள், ஒரு தடவை என் கடைக் கண்ணாடியை உடைத்தார்கள், கணினியை மூன்று தடவை மாற்றினோம். உச்சியில் இருந்தது மட்டும் மாறவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. போகப் போக அது ஒன்றும் இருக்காது என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

ஏறக்குறைய பத்தொன்பது வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வெள்ளைச் சட்டை போட்ட வயதான ஒருவர் கடைக்கு வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரு ஜெராக்ஸ் போடுங்கம்மா."

முன்பக்கத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கையெழுத்தை நான் மறக்கவில்லை. தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தது. 'முன்பக்கக் கையெழுத்து, கோப்பு என் மேசைக்கு வந்ததற்கு அடையாளம் மட்டுமே. திருப்தி என்று எழுதியது நான் அல்ல. கம்பியின் அளவு குறைவு. தொட்டியில் தண்ணீர் ஏற்றக் கூடாது என்று நேரிலும் சொல்லியிருக்கிறேன்.' கீழே தேதி. தொட்டி இடிவதற்கு ஐந்து வாரம் முந்திய தேதி.

"நீங்க..." என்றேன்.

"ஆமாம்மா. உங்க சைட்டுல அடியில இந்தக் கடை விலாசம்தான் போட்டிருக்கு. அதான் இங்கேயே வந்தேன்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏழு வருஷம் விசாரணை நடந்துச்சு. நான் தப்புப் பண்ணலைன்னு முடிச்சுட்டாங்க. அதை யாரும் எழுதல. கோப்பு நகல் கேட்டுக் கேட்டு இப்பதான் கைக்கு வந்துச்சு. என் மனைவி எதையும் காட்டாமலே நம்புனா. அவ போய்ச் சேந்துட்டா. பையன் நம்பல. பேசுறதே இல்ல. என் பேரை அடிச்சா முதல்ல வர்றது உங்க சைட்டுதான். அதை எடுக்கச் சொல்லல. சரியானதையும் போடச் சொல்லுங்க, போதும்."

ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவர் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனார்.

கையிலிருந்ததைக் கிழித்துப் போடலாம் என்று தோன்றியதா என்று கேட்டால், தோன்றியது. கடையைப் பூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. இதயத்தில் ஒரு முறை கத்தி வைத்திருந்தார்கள். படி ஏறக் கூடாது, உப்புக் கூடாது, கோபப்படக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்த பட்டியலில் மூன்றாவதை மட்டும் அண்ணி சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தார். பொறியாளர் வந்து சொன்னதையெல்லாம் சொல்லி, தாளை நீட்டினேன். "அண்ணா, அன்னிக்கு..." என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதல்ல படிக்கிறேன்."

இரண்டு பக்கத்தையும் படித்தார். முகம் வெளுத்தது. பழைய நோட்டுகள் இருக்கும் பெட்டியை இறக்கித் தரும்படி அண்ணியிடம் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "நாளைக்குக் கடைக்கு வரேன், நீ போ" என்றார்.

மறுநாள் மூன்று மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு சொல்லத் தொடங்கினார். பொறியாளர் எழுதியதை அப்படியே முழுதாகப் போட்டார். விசாரணையின் முடிவைப் போட்டார். 'ஒரு நிரபராதியின் பெயரை நான் நாசம் செய்தேன்' என்று சொன்னார். பூசி மெழுகவே இல்லை. கடைசி வரியைச் சொல்லும்போது தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாளின் மறுபக்கத்தைப் பற்றி நான் கேட்கவில்லை."

என் விரல் நின்றது. "அண்ணா, அது வந்து..."

"நான் சொல்றதை மட்டும் டைப் பண்ணும்மா."

தட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது வந்தது நிம்மதி. மறந்துவிட்டார், வயதாகிவிட்டது, நோயாளி, இப்போது போய் எதற்கு என்று எத்தனை சமாதானம் உண்டோ அத்தனையும் சொல்லிக்கொண்டேன்.

பழைய கட்டுரையின் குறுக்கே கோடு போட்டோம். திருத்தம் மேலே ஏறியது. அண்ணன் சுவரிலிருந்த நாள்காட்டியையும் கணக்குப் பொறியையும் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கணக்குப் போட்டார். ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு நாள் அந்தத் தப்பு உச்சியில் இருந்திருக்கிறது. திருத்தமும் அத்தனை நாள் அங்கே இருக்க வேண்டும்.

"நான் இருக்க மாட்டேன்" என்றார். "நீ பாத்துக்க."

"எனக்கு எண்பத்து ரெண்டு வயசாயிடும்ணா."

"அதனால என்ன? உனக்கு நல்ல உடம்பு."

அதற்குப் பிறகும் இரண்டு வருடம், அந்தத் திருத்தத்துக்குக் கீழேயே உட்கார்ந்து எழுதினார். அரசியல்வாதி யாரையாவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'முதலில் உன் மேல்வரியைப் படி' என்று நூறு பேர் வந்து எழுதுவார்கள். அவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. ஒரு நாள் மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார். காரத்தோடு வேலை பார்த்தவர்கள் கடைக்கு வந்து, தளத்தின் உச்சியில் அவர் படத்தைப் போட்டு நாலு வரி எழுதலாம் என்றார்கள். உச்சியில் வேறு ஒன்று இருக்கிறது, இன்னும் பதினாறு வருடத்துக்கு மேல் அங்கேதான் இருக்கும் என்றேன். படத்தைக் கீழே போட்டோம்.

ஒரு மாதம் கழித்துப் பொறியாளர் வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, போகாமல் நின்றார்.

"பையன் படிச்சாம்மா, அந்தத் திருத்தத்தை. அது வந்தப்பவே படிச்சிருக்கான். ஆனா நம்பல."

"ஏன் சார்?"

"உங்க அண்ணன் எழுத்தைச் சின்ன வயசுலேருந்து படிக்கிறவன் அவன். 'அந்த மனுஷன் பின்பக்கம் கேக்காம விடுற ஆளே இல்ல. வயசான காலத்துல உங்களைப் பாத்துப் பரிதாபப்பட்டு எழுதிக் குடுத்துட்டாரு'ன்னு சொல்றான். அவன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

என் அண்ணன்மேல் வைத்த நம்பிக்கையே அந்த மனிதரின் பிள்ளையை அவரிடமிருந்து பிரித்து வைத்திருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்தது நான் தட்டிய ஒரு வரி.

அன்று சாயங்காலம் அண்ணியிடம் போய், தொட்டி இடிந்த வருடத்து நோட்டு வேண்டும் என்றேன். அண்ணி எதற்கு என்று கேட்கவில்லை. தேட வேண்டிய வேலையும் இருக்கவில்லை. அந்த நோட்டு பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. நடுவில் ஒரு தாள் மடித்துச் செருகியிருந்தது. பொறியாளரின் தாளிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த நகல். செருகியிருந்த இடத்தில், பழைய தேதிக்குக் கீழே அவர் கையெழுத்து: 'கடைசித் தாள், பின்பக்கம்? தங்கையிடம் கேட்டேன். காலி என்றாள்.'

அவர் மறக்கவில்லை. ஆட்டோவில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோதே எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார். அமைச்சர், முதலாளி, ஆசிரியர் என்று யாருக்காகவும் ஒரு வரி வளையாத மனிதர், வாழ்நாளில் தெரிந்தே எழுதிய ஒரே பொய் எனக்காக. அண்ணியின் முன்னால் அழுதேன். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவரு என்கிட்டயும் சொல்லல. ஆனா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல" என்றார்.

மறுநாள் மூன்று மணிக்குக் கணினியின் முன் உட்கார்ந்தேன். ஸ்டூல் காலியாக இருந்தது. சொல்ல ஆள் இல்லாமல் ஒரு வரி தட்டுவது இத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. திருத்தத்தின் கடைசி வரியின் குறுக்கே கோடு போட்டேன். மேலே தேதி போட்டு எழுதினேன்:

'அவர் கேட்டார். காலி என்று சொன்னது நான். தாளைத் திருப்பிப் பார்க்காமலே சொன்னேன். அன்று மாலை இயந்திரத்தின் கணக்கில் இருபத்தெட்டுக்குப் பதில் இருபத்தேழு பக்கம்தான் இருந்ததைப் பார்த்தேன். அப்போதும் அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை நானே ஏற்றினேன். அவருடைய நோட்டின் பக்கம் கீழே இருக்கிறது.'

நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து அடியில் சேர்த்தேன். என் முழுப் பெயரையும், நகல் எடுத்தவர், தட்டச்சு செய்தவர் என்றும் போட்டேன். இத்தனை வருடத்தில் அந்தத் தளத்தில் என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

பொறியாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். திரைக்கு முன்னால் அண்ணனின் ஸ்டூலில்தான் உட்கார்ந்தார். அதைத் தவிர வேறு இருக்கை கடையில் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். திட்டியிருக்கலாம்.

"பையன்கிட்ட நேர்ல காட்டணும். ஒரு பிரின்ட் குடுங்கம்மா."

எடுத்துக் கொடுத்தேன். ஒரே தாளில் அடங்கிவிட்டது. வாங்கி, கையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் அடிவரை படித்தார். பிறகு என் முன்னாலேயே தாளைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தார்.